வரலாற்று வகுப்பில் கற்பனைப் பேட்டி எழுதும் முறை

வரலாற்று மனிதர் ஒருவரைப் பேட்டி காண்பது போல எழுதி வருமாறு உயர்நிலை வகுப்புகளில் செயல்திட்டம் கொடுப்பது வழக்கம். தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கத்துப் பள்ளிகளில் அந்த மனிதர் பெரும்பாலும் இராஜராஜ சோழனாகவே இருப்பார். “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று பேட்டி தொடங்கும், “இன்றைய மாணவர்களுக்குத் தங்கள் அறிவுரை என்ன?” என்று முடியும், இடையில் பாடநூலின் பத்திகள் ‘அவன் கட்டினான்’ என்பதை ‘நான் கட்டினேன்’ என்று மாற்றிக்கொண்டு வரிசையாக நிற்கும். இதற்குக் கையெழுத்துப் பயிற்சி என்ற அளவில் மதிப்பெண் போடலாமே தவிர, வரலாற்றுப் பயிற்சி என்று சொல்ல முடியாது. கேள்வி மாணவனுடையதாகவும், பதில் சான்றினுடையதாகவும் இருந்தால்தான் இந்தப் பயிற்சிக்குப் பொருள் உண்டு. அதை எப்படிச் செய்விப்பது என்பதைக் கீழே விளக்குகிறேன்.

யாரைப் பேட்டி காண்பது என்பதை மாணவரே முடிவு செய்யட்டும். ஆனால் புகழை வைத்து அல்லாமல், அவர் விட்டுச் சென்ற தடயத்தை வைத்து முடிவு செய்யச் சொல்ல வேண்டும். கரிகாலனைக் கல்லணையின் மேல் நிறுத்திப் பேசவைக்க எல்லாருக்கும் ஆசைதான். ஆயினும் அணையை எப்படி எழுப்பினான் என்பதற்கு அவன் காலத்து எழுத்து ஏதும் நம் கையில் இல்லாததால், பதில் முழுவதும் மாணவனின் சொந்தச் சரக்காகிவிடும். பெரிய கோயிலைக் கட்டிய பெருந்தச்சன் நிலையும் ஏறக்குறைய அதுவே. குஞ்சரமல்லனான இராஜராஜப் பெருந்தச்சன் என்ற பெயரைக் கல்வெட்டு காட்டுகிறது. கல்லை மேலே ஏற்றிய வழியை அவன் வாயால் சொல்லவைத்தால் அது கதையாகத்தான் இருக்கும். இராஜராஜனையே எடுப்பதானால் அவனுடைய சொந்த வாக்கியத்திலிருந்து தொடங்கலாம். “நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்” கல்லிலே வெட்டுக என்று அவன் ஆணையிட்டது பெரிய கோயில் விமானத்தில் இன்றும் இருக்கிறது. தன் கொடைக்கு அடுத்தபடியாகத் தமக்கை குந்தவையின் கொடையை ஏன் சொன்னான், பெயர் தெரியாத மற்றவர்களின் கொடையையும் ஏன் சேர்க்கச் சொன்னான் என்று கேட்கத் தொடங்கினால், அந்த ஒரு வரியே அரைப் பேட்டிக்குப் போதும்.

அடுத்து, பேட்டி நடக்கும் நாளைக் குறிக்கச் செய்ய வேண்டும். இதை விட்டுவிடுவதால் வரும் குளறுபடிகளே அதிகம். பேசுபவருக்கு அந்த நாளுக்குப் பின் நடந்தது எதுவும் தெரியக் கூடாது. உ.வே.சாமிநாதையரைக் கும்பகோணத்தில் 1880 செப்டம்பரில் சந்தித்தால், அவர் கல்லூரிக்கு வந்து சேர்ந்த புதிய தமிழாசிரியர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படித்த அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் பெருமையாகச் சொல்வார். அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் தேதி முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்த பிறகுதான் சீவக சிந்தாமணி என்ற காப்பியம் அவர் வாழ்க்கைக்குள் வருகிறது; அச்சேறியது 1887இல். ஒரே மனிதரை அந்தத் தேதிக்கு ஒரு மாதம் முன்பும் பத்து ஆண்டு பின்பும் இரண்டு மாணவர்கள் பேட்டி கண்டு வந்தால், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிப்பதே ஒரு பாடமாகிவிடும்.

அரசரை விட்டு வெளியே வர விரும்பும் வகுப்புக்கு நான் முதலில் பரிந்துரைப்பது தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயில் பணிக்காக அதைச் சார்ந்த குடியிருப்பில் (தளிச்சேரியில்) வாழ்ந்த பெண்களை. சோழமண்டலத்துக் கோயில்கள் பலவற்றிலிருந்து 400 பெண்களைக் கொண்டுவந்து பெரிய கோயிலைச் சார்ந்த தெருக்களில் குடியமர்த்தியதை இராஜராஜனின் 29ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு சொல்கிறது. ஒவ்வொருவருக்கும் எந்தத் தளிச்சேரி, தெருவின் எந்தச் சிறகு (பக்கம்), எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், பெயர் என்ன, பங்கு எவ்வளவு என்று ஒரு வீட்டு வரிப் பதிவேட்டின் துல்லியத்தோடு அதில் குறிப்பு உண்டு. திருவாரூர், திருவையாறு, பழையாறை, நாகப்பட்டினம் என்று நம் பேருந்துகளின் பெயர்ப்பலகைகளில் உள்ள ஊர்களே அதில் வருவதால், மாணவி தன் ஊரிலிருந்து போன ஒருத்தியைத் தேடி எடுத்துக்கொள்ள முடியும். தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் இப்பட்டியல் அச்சாகியிருக்கிறது. ஆசிரியர் இரண்டு பக்கங்களைப் படியெடுத்துக் கொடுத்தால் போதும்.

அப்படித் திருவாரூரிலிருந்து வந்த ஒருத்தியிடம் பேசுவதாக வைத்து, பேட்டியின் ஒரு பகுதியை எழுதிக் காட்டுகிறேன். ஆண்டு 1014.

“அக்கா, உங்கள் வீட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?”

“தெற்குத் தளிச்சேரிக்குள் வந்து, தென்சிறகில் எண்ணிக்கொண்டே வா தம்பி. கோயில் கணக்கில் எங்களை அப்படித்தான் எண்ணி வைத்திருக்கிறார்கள்.”

“உங்களுக்கு என்ன கிடைக்கிறது?”

“ஒரு பங்கு. பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல்.”

“மரக்கால் ஊருக்கு ஊர் மாறுமே, எந்த மரக்காலால் அளக்கிறார்கள்?”

“ஆடவல்லான் என்று பெயர் வைத்த மரக்கால். இராஜகேசரி மரக்காலோடு ஒத்தது. அதில் யாரும் கை வைக்க முடியாது.”

“உங்களுக்குப் பிறகு?”

“நான் இறந்தாலோ வேறு தேசம் போனாலோ, எனக்கு அடுத்த முறைக்காரர் பங்கைப் பெற்றுக்கொண்டு பணி செய்ய வேண்டும். அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள வேறொருவரைப் பார்த்து வைப்பார்கள்.”

“தஞ்சாவூருக்கு விருப்பத்தோடுதான் வந்தீர்களா?”

“தெருவில் நின்று கேட்கும் கேள்வியா இது? அடுத்த வீட்டுக்காரி நாகப்பட்டினத்தாள், அவளையும் கேட்டுப் பார்.”

கடைசிப் பதிலைக் கவனிக்க வேண்டும். அந்தப் பெண்ணின் விருப்பத்தைப் பற்றிக் கல்லில் ஒரு சொல்லும் இல்லை. மகிழ்ச்சியாக வந்தேன் என்று எழுதினாலும், அழுதுகொண்டு வந்தேன் என்று எழுதினாலும் அது மாணவரின் தீர்ப்பு. கேள்வி கேட்கப்பட வேண்டியதுதான். பதிலை மட்டும் நழுவவிடச் செய்தால், சான்று எந்த இடத்தில் முடிகிறது என்பது படிப்பவருக்குத் தானாகத் தெரிந்துவிடும். மரக்கால் பற்றிய கேள்வியோ வேறு வகை. பாட்டி வீட்டுப் பரணில் மரக்காலைப் பார்த்த பிள்ளைக்குத்தான் அது தோன்றும். இத்தகைய துணைக்கேள்வி, அதாவது வந்த பதிலிலிருந்து பிறக்கும் அடுத்த கேள்வி, ஒரு பேட்டியில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும் என்பதை நிபந்தனையாகவே வைத்துவிடலாம்.

நல்ல கேள்வி பெரும்பாலும் இரண்டு செய்திகள் ஒன்றோடொன்று முட்டும் இடத்திலிருந்துதான் கிளம்பும். இரண்டாம் சரபோஜி 1799 உடன்படிக்கையால் தஞ்சை நாட்டின் நிர்வாகத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் விட்டுக்கொடுத்தார். அதே மன்னர் பட்டுக்கோட்டைக்குத் தெற்கே கடற்கரையில் மனோராவை எழுப்பி, ஆங்கிலேயரின் வெற்றிக்கும் நெப்போலியனின் வீழ்ச்சிக்கும் நினைவாக என்று பொறித்தார். கல்வெட்டு அவரை ஆங்கிலேயரின் நண்பர் என்கிறது. “நாட்டை வாங்கிக்கொண்டவர்களுக்கு நண்பர் என்று போட்டுக்கொண்டீர்களே” என்று ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை கேட்டால், அவன் பாடத்தைப் படித்திருக்கிறான் என்று பொருள். பதிலை எழுத சுவார்ட்ஸ் பாதிரியாரிடம் அவர் பெற்ற கல்வி, அரியணைக்கு வர ஆங்கிலேயரின் ஆதரவு தேவைப்பட்டது, ஆட்சிச் சுமை போன பின் சரசுவதி மகால் நூலகத்துக்கு அவர் சேர்த்த நூல்கள் ஆகிய அனைத்தையும் அவன் புரட்டியே ஆக வேண்டும். அறிவுரைக் கேள்வியை மட்டும் அறவே தடை செய்துவிடுங்கள். சரபோஜிக்கு நம் பொதுத்தேர்வைப் பற்றி எதுவும் தெரியாது.

நமக்குப் பிடிக்காதவரைப் பேட்டி காண்பதுதான் உண்மையில் கடினம். 1930 ஏப்ரல் 13 அன்று இராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து புறப்பட்ட உப்பு யாத்திரை ஏப்ரல் 28 அன்று வேதாரண்யம் சேர்ந்தது. வழியில் தொண்டர்களுக்குச் சோறும் தங்க இடமும் கொடுப்பவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன் அறிவித்திருந்தார். பிள்ளைகள் அவரை எழுதினால் நாடக வில்லனைப் போல மீசையை முறுக்கவைத்து விடுகிறார்கள். அப்படிச் செய்யாமல், ஓர் அதிகாரி தன் கடமையாக எதைக் கருதியிருப்பார், நேராகக் கைது செய்வதை விட்டு உணவைத் தடுப்பதில் அவர் கண்ட வசதி என்ன என்று யோசித்து எழுதச் சொல்ல வேண்டும். அரசின் மீது மக்களுக்குப் பற்று என்று ஒன்று இருந்திருந்தால் அது இப்போது செத்துவிட்டது என்ற பொருள்பட அவரே பின்னர் மேலிடத்துக்கு எழுதினார் என்பதைக் கடைசிப் பதிலில் கொண்டுவந்தால், வேறு வசனமே தேவையில்லை.

பேசுபவரின் சொந்தக் கையெழுத்துக் கிடைத்துவிட்டது என்பதாலும் சோதிக்காமல் விடக் கூடாது. கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜன் 1913 ஜனவரி 16 அன்று இங்கிலாந்துக் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் தமக்கு ஏறத்தாழ 23 வயது என்கிறார். அவர் பிறந்தது 1887 டிசம்பர் 22; அப்போது வயது 25. இதைக் கண்டுபிடிக்கும் மாணவர் அதையே கேள்வியாக்கலாம்.

காலம் பிறழ்ந்த பொருள்களைக் களைவது சிறு வேலைதான். சோழர் காலத்துச் சமையலில் மிளகு இருக்கலாம், மிளகாய் கூடாது. அது போர்த்துக்கீசியர் வந்த பின் வந்தது. நம் பகுதிப் பிள்ளைகள் செய்யும் தனிப்பட்ட பிழை ஒன்று உண்டு: சோழ நாட்டு உழவரையும் ஜூன் 12இல் மேட்டூர் திறப்பதற்குக் காத்திருக்கச் செய்வார்கள். மேட்டூர் அணை 1934இல் வந்தது. மொழியைப் பொறுத்தவரை எளிய உரைநடை போதும். “ஆகட்டும் மன்னவா” என்ற திரைப்படச் செந்தமிழ் சோழர் காலத்துத் தமிழும் அல்ல, நம்முடையதும் அல்ல.

இன்னொரு எல்லையையும் ஆசிரியர் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். அவர்களுடைய உறவினர்கள் இன்றும் நம்மிடையே வாழ்கிறார்கள். இறந்தவர் வாயில் சொற்களைப் போட்டு எழுதும் பயிற்சிக்கு அது உரிய பொருள் அன்று. வாழும் நினைவுள்ள நிகழ்ச்சிகளுக்குப் பெரியவர்களிடம் அனுமதி கேட்டு உண்மையான பேட்டி எடுப்பதே முறை. வேறு பயிற்சியாக, வேறு தயாரிப்போடு அதைச் செய்யலாம்.

எழுதி முடித்த பின் திருத்தம். ஒவ்வொரு பதிலின் கீழும் சான்றில் நேராக இருப்பதற்குப் பேனாவாலும், அதிலிருந்து ஊகித்ததற்குப் பென்சிலாலும் மாணவரே கோடிட வேண்டும். எந்தக் கோடும் விழாத வாக்கியம் பேச்சின் நடைக்காக மட்டுமே இருக்கலாம், செய்தி சொல்லக் கூடாது. பதில் எட்டுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் திருத்துகிறவருக்கும் மூச்சு முட்டாது. மதிப்பெண்ணில் பாதியைக் கேள்விகளுக்கே ஒதுக்குவது நல்லது. பதிலை நூலகத்தில் தேடிப் பிடித்துவிடலாம், கேள்வியை அப்படிப் பிடிக்க முடியாது. வகுப்பில் படிக்கும்போது இருவர் பேச, மூன்றாமவர் சான்றுத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கட்டும். எந்தப் பதிலிலும் அவர் “ஆதாரம்?” என்று கேட்டு நிறுத்தலாம், கேட்டால் பேசியவர் கல்வெட்டையோ கடிதத்தையோ பக்கத்தையோ உடனே சொல்ல வேண்டும், சொல்ல முடியாவிட்டால் அந்தப் பதிலை அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போக வேண்டும்.