வசனத்துக்கு முன்னால் கடன் கணக்கு

பல்லடத்தில் எங்கள் நாடகக் குழுவுக்குப் புதிதாக வருபவர்களிடம் வசனத்தை முதலில் கொடுக்க மாட்டேன். பாத்திரத்தின் கடன் கணக்கை எழுதச் சொல்வேன்: யாரிடம் வாங்கியது, தவணை என்றைக்கு, வீட்டில் யாருக்குத் தெரியக்கூடாது.

நார்வே நாடகாசிரியர் இப்சனின் 'பொம்மை வீடு' (1879) நல்ல பயிற்சி. நோயாளிக் கணவனை இத்தாலிக்கு அழைத்துப்போகக் கடன் வாங்கும் நோரா, அப்பாவின் கையெழுத்தைத் தானே போடுகிறாள். தேதியோ அவர் இறந்து 3 நாள் கழித்து! சாகக்கிடந்தவரைக் கையெழுத்துக் கேட்டுத் தொந்தரவு செய்ய மனமில்லை, அவ்வளவுதான். இதைத் திருட்டு முழியோடு நடித்தால் காட்சி போச்சு.

அப்புறம் நம்மூருக்கு வாருங்கள். தறி ஓனரிடம் முன்பணம் வாங்கிய அண்ணன், தங்கச்சிக்குச் சீர் செய்யணும். "ஏனுங்க மாமா, இந்த வாரம் மட்டும் கூலியில பிடிக்காதீங்க" என்று இழுக்கும்போது கை எங்கே இருக்கிறது? எங்கள் பையன் ஒருவன் காலிச் சட்டைப்பையைத் தடவிக்கொண்டே நின்றான். நான் சொல்லித்தரவில்லை.