பழைய கல்லடுக்கு மதில்: திருத்தப் போய்ச் சரித்துவிடும் தவறுகள்

சாந்து இல்லாமல் கையால் அடுக்கிய கல்மதில் கல்லின் பாரத்தாலும், கல்லோடு கல் உரசிப் பிடிக்கும் பிடியாலும் நிற்கிறது. மழைநீர் இடுக்குகளால் ஊடறுத்துப் போய்விடும். நிலம் சற்று இறங்கினால் மதிலும் கூடவே இறங்கி மறுபடி இறுகிக்கொள்ளும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் பாறை தலைகாட்டும் காணியிலோ, அம்பாறையின் உட்புறத்துச் சேனை ஓரத்திலோ உங்களுக்கு இப்படி ஓர் அடுக்கு இருந்தால், அதைச் சீமெந்து மதிலாக நினைத்துக் கை வைப்பதுதான் முதல் தவறு. மற்றத் தவறுகளில் பாதி அதிலிருந்தே பிறக்கின்றன.

ஓர் இடத்தில் இடைவெளி தெரிந்ததும் மேசனைக் கூப்பிட்டுச் சாந்தால் அடைத்துவிடுகிறார்கள். கோடையில் பார்க்க அழகாக இருக்கும். ஐப்பசிக் கடைசியில் மாரி பிடித்தால் தை வரை ஈரம் காயாது. அடைத்த முகத்துக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி, ஊறிய மண் மதிலை வெளியே தள்ளும். சாந்து வளைந்து கொடுக்காது. வெடித்து, ஒட்டிய கற்களையும் இழுத்துக்கொண்டு பாளமாக விழும். மேட்டு மண்ணைத் தாங்கி நிற்கும் மதிலுக்கு இது மிக மோசம். ஏற்கெனவே பூசிவிட்டீர்கள் என்றால், மழைக்கு முன் அடிவரிசையில் 3 அடிக்கு ஓர் இடமாவது சாந்தைக் கொத்தித் திறந்துவிடுங்கள்.

மதில் விழப்போவதை அதன் வயிறு முன்கூட்டியே சொல்லும். முழங்கால் உயரத்தில் முகம் வெளியே புடைத்து வரும். அதற்கு நேர் மேலே தலைக்கற்கள், அதாவது உச்சி வரிசைக் கற்கள், குழிந்திருக்கும். இடுக்கிலிருந்து மண் பொடியாகக் கொட்டிக் கிடக்கும். உள்ளே நிரப்பிய சிறுகற்கள் கீழே இறங்கி, இரண்டு முகங்களையும் ஆப்புப் போலப் பிளக்கின்றன என்பதே இதன் பொருள். இந்த இடத்தில் சம்மட்டியால் அடித்து உள்ளே தள்ளுவது, வெளியே மரக்கட்டை முட்டுக் கொடுத்துவிட்டு மறந்துபோவது இரண்டும் வீண்வேலை. புடைத்த பகுதியைப் பிரித்து மறுபடி அடுக்குவதைத் தவிர வேறு வழியில்லை.

பிரிக்கும்போது விழுந்த குழியை மட்டும் நிரப்பப் பார்க்காதீர்கள். இரு பக்கமும் அசையாத கல் வரும்வரை படிப்படியாக, மேலே அகன்றும் கீழே ஒடுங்கியும் பிரியுங்கள். இறக்கிய கல்லை ஒரே குவியலாகக் கொட்டினால் பிறகு ஒவ்வொரு கல்லுக்கும் குவியலைக் கிளற வேண்டிவரும். மதிலிலிருந்து 3 அடி நடைபாதை விட்டு, பெரிய அடிக்கற்களை முதல் வரிசையிலும், முகக்கற்களை அதன் பின்னும், தலைக்கற்களைக் கடைசியிலும் வையுங்கள். சிறுகல் தனிக் குவியலாக இருக்கட்டும். அடிவரிசை அசையாமல் இருந்தால் அதைத் தொடவே வேண்டாம்.

அளவு தெரியாமல் அடுக்குவதும் பெரிய தவறு. 4 அடி உயர மதிலுக்கு அடியில் 2 அடி அகலம், உச்சியில் 1 அடி அகலம் வைத்தால் போதும். அதாவது ஒவ்வொரு 8 அங்குல உயரத்துக்கும் இரு முகமும் 1 அங்குலம் உள்ளே சாய வேண்டும். கண்மட்டத்தை நம்பாமல் இரு முனையிலும் கம்புச் சட்டம் நட்டுக் கயிறு கட்டுங்கள். மேல்மண்ணை வெட்டி எடுத்து, இறுகிய மண் வந்தபின்தான் முதல் கல். மணலில் அடி போட்டால் மதில் இருக்காது. வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரை மணல் வளவுக்கு வேலிதான் பொருத்தம். இந்த அளவில் 10 அடி நீள மதிலுக்கு 60 கன அடி கல் வரும், அரைக் கியூபுக்குச் சற்றுக் கூட (ஒரு கியூப் 100 கன அடி). ஒரு கன அடிக் கருங்கல் ஏறத்தாழ 75 கிலோ. பெரிய கல்லை அலவாங்கால் புரட்டுங்கள், முதுகைக் கொண்டு தூக்க வேண்டாம்.

அதிகம் பிழைப்பது கல்லை வைக்கும் திசையில்தான். நீளமான கல்லைக் கண்டால் அதை முகத்தோடு நெடுக வைத்து இடத்தை நிரப்பத் தோன்றும். வேலை விரைவாக முடியும், மதிலோ இரண்டு மெல்லிய தோலாகப் பிரிந்து நிற்கும். கல்லின் நீளம் மதிலுக்குள்ளே போக வேண்டும், அதன் முனைதான் வெளியே தெரிய வேண்டும். கீழே இரண்டு கற்கள் சந்திக்கும் கோட்டின் மேல் ஒரு கல் முழுதாக உட்கார வேண்டும். சந்துகள் மேலிருந்து கீழ் ஒரே கோடாக ஓடினால் அந்தக் கோட்டிலேயே மதில் பிரியும். இங்கத்தைக் கருங்கல்லில் கறுப்பும் வெள்ளையுமாக வரி ஓடும். வரி நிலத்தோடு படுத்திருக்கும்படி வையுங்கள். நிமிர்த்தினால் மழைநீர் வரிக்குள் இறங்கி, நாளடைவில் ஓடு ஓடாகக் கழலும். சுத்தியலால் தட்டும்போது கணீரென்னாமல் பொத்தென்று கேட்கும் கல்லை முகத்துக்கு எடுக்காதீர்கள்.

2 அடி உயரம் வந்ததும், 3 அடிக்கு ஒன்றாக, இரு முகத்தையும் தொடும் நீளக்கல் ஒன்றைக் குறுக்கே போட வேண்டும். இந்தக் கட்டுக்கல் இல்லாத மதில்தான் முதலில் வயிறு தள்ளும். பழைய மதிலைப் பிரிக்கையில் இவை கிடைத்தால் உடைத்துச் சிறுகல்லாக்கிவிடாதீர்கள். திரும்பத் தேடுவது கடினம்.

உள்ளே மண்ணையோ ஆற்று உருளைக்கல்லையோ மண்வெட்டியால் அள்ளிக் கொட்டவே கூடாது. மண் மழையில் கரைந்து வெறுமை விடும். அதில் கறையானும் எறும்பும் குடியேறும். உருளைக்கல் பாரம் ஏற ஏற வழுக்கும். முனையுள்ள உடைகல்லை, ஒவ்வொரு வரிசை முடிந்ததும், கையால் ஒவ்வொன்றாக இறுக்கி வையுங்கள். ஆடுகிற முகக்கல்லுக்கு ஆப்புக்கல் உள்ளிருந்துதான் கொடுக்க வேண்டும். வெளியிலிருந்து செருகியது சில மாதத்தில் கீழே கிடக்கும்.

பற்றையை நெருப்பு வைத்து அழிக்கவும் வேண்டாம். கருங்கல் சூட்டில் தோல் உரியும். சுட்ட கல்லில் மழை பட்டால் வெடிக்கும். வெட்டியே துப்புரவாக்குங்கள். மதிலுக்குள் வேர்விட்ட ஆல், அரசு, வேம்புக் கன்றுகளைப் பிடுங்கினால் கல்லும் கூடவே வரும்; அடியோடு அறுத்து, துளிர்க்கத் துளிர்க்க வெட்டுவதே சரி. ஆனாலும் வளரவிடாதீர்கள். 1978 நவம்பர் 23 சூறாவளி எத்தனை மரங்களை வேரோடு சாய்த்தது என்பதை மட்டக்களப்பார் அறிவர். அப்படி ஒரு மரம் சாய்ந்தால் அடிவரிசை முழுதும் கிளம்பிவிடும்.

வெறுங்கை விரலை இடுக்குக்குள் விடவே வேண்டாம். புடையனும் நாகமும் தேளும் இங்கே தங்கும். கல்லின் மறுபக்க விளிம்பைப் பிடித்து அலவாங்கால் உங்கள் பக்கமாகச் சாய்த்தால், உள்ளே இருப்பது எதிர்ப்பக்கம் வெளியேறும். கல் உங்களுக்கு மறைப்பாக நிற்கும். பாம்பு கடித்தால் கீறாமல், இறுக்கிக் கட்டாமல், அசையாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

கல் போதவில்லை என்று காட்டிலிருந்து எழுத்துப் பொறித்த கல், செதுக்கிய தூண், ஆப்புக்குழி வரிசை உள்ள பாறைத்துண்டு எதையும் எடுத்து வராதீர்கள். தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1940 முதல் இருக்கிறது. சொந்தக் காணியில் கண்டாலும் அசைக்காமல் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். எல்லைமதிலானால், கைவைக்குமுன் அயல்காணிக்காரரோடு நில அளவைப் படத்தை விரித்துப் பார்ப்பது பிறகு வரும் வழக்கைத் தவிர்க்கும்.

கட்டாக்காலி மாடு தாண்டுகிறது என்று உச்சியில் இன்னும் இரண்டு வரிசை ஏற்றுவோரும் உண்டு. அகலத்தைக் கூட்டாமல் உயரத்தைக் கூட்டினால் மாடு ஒருமுறை உரசவே சரியும். முட்கம்பிக் கட்டையை மதிலுக்குள் நட்டால் கச்சான் காற்றில் அது ஆடி ஆடிக் கற்களைத் தளர்த்தும். ஓர் அடி தள்ளி நிலத்தில் நடுங்கள். யானைக்கு எந்த உயரமும் தடையல்ல, அதற்காகக் கல் செலவழிக்க வேண்டாம். தண்ணீர் குறுக்கே ஓடும் இடத்தில் அடியில் ஒரு சாண் அகலக் கண் விட்டு, மேலே பலகைக்கல் இரு பக்கமும் ஒரு சாண் தாங்கும்படி போடுங்கள். முதல் பெருமழைக்கு மறுநாள் காலை அந்தக் கண்ணில் சருகு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.