கஸ்டமர் கேர் வேலை: மன அழுத்தத்தைக் கூட்டிவிடும் தவறுகள்

கால் சென்டரில் சேர்ந்த முதல் வாரமே எல்லோருக்கும் ஒரு அறிவுரை கிடைக்கும்: "கஸ்டமர் திட்டினா மனசுல வச்சுக்காத." எப்படி வைத்துக்கொள்ளாமல் இருப்பது என்று மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. அதனால் ஆளாளுக்கு ஒரு வழி கண்டுபிடிக்கிறோம். அதில் பாதி, அழுத்தத்தைக் கூட்டும் வழிதான்.

போன் கால் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்யும் தவறுகளை முதலில் பார்க்கலாம். கோபத்தில் இருப்பவரிடம் "டென்ஷன் ஆகாதீங்க சார்" என்பது, அவர் கோபத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்வது மாதிரி. அவர் பேசி முடிப்பதற்குள் மனப்பாட மன்னிப்பை ஒப்பிப்பதும் அப்படித்தான். ரீஃபண்ட் வராத ஒருவர் மூன்றாவது முறையாகக் கூப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம், ஆர்டர் நம்பர் சொல்லுங்க" என்று ஆரம்பித்தால் அவர் முழுக் கதையையும் முதலிலிருந்து தொடங்குவார், குரலும் ஏறும். ஸ்கிரீனில் இருக்கும் பழைய நோட்ஸில் ஒரு கண் ஓட்டிவிட்டு, "போன வாரமும் கூப்பிட்டிருக்கீங்க, ரெண்டு நாள்ல வந்துடும்னு சொல்லியிருக்காங்க, இன்னும் வரலை, சரிங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். பணம் வந்துவிடவில்லைதான். ஆனால் மறுபடி ஒப்பாரி வைக்க வேண்டாம் என்பதிலேயே பாதிப் பேர் இறங்கி வந்துவிடுவார்கள்.

அடுத்தது, தப்பித்தால் போதும் என்று வாக்குக் கொடுப்பது. "24 மணி நேரத்துல சரியாயிடும் மேடம்" என்றால் அந்த கால் முடிந்துவிடும், ஏஹெச்டியும் (ஒரு காலுக்கு ஆகும் சராசரி நேரம்) அழகாக இருக்கும். நாளைக்கு அதே மேடம் இரண்டு மடங்கு கோபத்தோடு வருவார், உங்களிடமோ பக்கத்து சீட்டில் இருப்பவரிடமோ. ஒரு ஃப்ளோரில் வரும் கத்தல்களில் நிறையவே நாமே முந்தைய நாள் விதைத்தவை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, எப்போது தெரியும் என்பதை மட்டும் சொல்வது அந்த நேரத்துக்குக் கஷ்டம், வாரக் கணக்கில் பார்த்தால் லாபம்.

அழைப்பை டீம் லீடரிடம் மாற்றுவதை அவமானமாக நினைப்பவர்களும் உண்டு. பணத்தைத் திருப்பித் தரும் அதிகாரம் உங்களிடம் இல்லாதபோது அரை மணி நேரம் திட்டு வாங்குவதில் என்ன வீரம்?

நாள் முழுக்கப் பொய்ச் சிரிப்பு சிரிப்பதும் உடம்பைத் தின்னும். சம்பளத்துக்காக முகத்தையும் குரலையும் உணர்ச்சியையும் கட்டுப்படுத்துவதற்கு 'உணர்ச்சி உழைப்பு' என்று 1983-லேயே பெயர் வைத்தவர் ஆர்லி ஹோக்‌ஷில்டு என்ற அமெரிக்க சமூகவியலாளர். விமானப் பணிப்பெண்களைக் கவனித்து எழுதியது. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று மணிக்கணக்கில் நடிப்பதுதான் ஆளைக் காலி செய்கிறது. என்னைக் கேட்டால், குரலில் மரியாதை இருந்தால் போதும், குதூகலம் தேவையில்லை. குவாலிட்டி டீம் இதை ஒப்புக்கொள்ளாமல் போகலாம். அது வேறு கதை.

மோசமான கால் ஒன்று முடிந்ததும் அதே சூட்டில் அடுத்ததை எடுப்பது பெரிய தவறு. முந்தையவர் மேல் இருக்கும் எரிச்சல் ஒன்றும் அறியாதவர் மேல் பாயும். நோட்ஸ் எழுதக் கொடுக்கும் நேரத்தில் ஹெட்செட்டைக் கழற்றி, இரண்டு மடக்கு தண்ணீர் குடித்து, இழுத்ததைவிட மெதுவாக மூச்சை விடுங்கள்.

பிரேக்கில் டீக்கடையில் நின்று, "அந்த ஆள் என்ன சொன்னான் தெரியுமா" என்று மிமிக்ரியோடு மறுஒலிபரப்பு செய்தால் பாரம் இறங்கும் என்று நம்புகிறோம். ஒரு முறை சொன்னால் சரி. நாலு பேரிடம் நாலு முறை சொன்னால் கோபம் புதுசாகிக்கொண்டே இருக்கும். நைட் ஷிஃப்ட் என்றால் காபியிலும் கவனம் வேண்டும். காஃபீனில் பாதி கழியவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். விடிகாலை நாலு மணிக்குக் குடித்தது ஒன்பது மணிக்குப் படுக்கும்போதும் பாதி உள்ளே இருக்கும்.

எல்லாவற்றிலும் மோசமானது, ஆபாசப் பேச்சையும் மிரட்டலையும் "இந்த வேலைன்னா அப்படித்தான்" என்று பதிவே செய்யாமல் விடுவது. தென்கொரியாவில் 2018 முதல், வாடிக்கையாளரின் வசவிலிருந்து ஊழியரைக் காப்பது முதலாளியின் சட்டக் கடமை. டோக்கியோவில் 2025 ஏப்ரலில் இதற்கென்றே ஒரு விதிமுறை வந்தது. இங்கேயும் பெண்களுக்கு ஒரு பிடி இருக்கிறது: பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, பணியிடத்தில் தொடர்புக்கு வரும் வெளியாட்களிடமிருந்தும் பாதுகாப்புத் தரச் சொல்கிறது. வாடிக்கையாளர்தானே என்று ஹெச்ஆர் கைவிரிக்க முடியாது. கால் வந்த நேரம், டிக்கெட் எண் (அந்தப் புகாரின் பதிவு எண்), சொன்ன வார்த்தை மூன்றையும் அன்றைக்கே மெயிலில் அனுப்பிவிடுங்கள். ரெகார்டிங் எத்தனை நாள் இருக்கும் என்று சொல்ல முடியாது.

கடைசியாக, வெறும் அலுப்புதான் என்று தள்ளிப்போடுவது. தூங்கி எழுந்தும் போகாத களைப்பு, வேலை மேலேயே வெறுப்பு, எதையும் உருப்படியாகச் செய்யவில்லை என்ற எண்ணம் ஆகிய மூன்றையும் சேர்த்துத்தான் உலக சுகாதார நிறுவனம் 'பர்ன்அவுட்' என்கிறது. அந்த நிலை தெரிந்தால் மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குக் கூப்பிடலாம். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம், ஷிஃப்ட் முடிகிற அகால நேரத்திலும் எடுப்பார்கள்.