நுங்கு வண்டி செய்யக் கொடுங்கள், நடுவில் புகாதீர்கள்

காங்கேயம், தாராபுரம் பக்கம் கோடையில் சாலையோரமெல்லாம் நுங்குக் கடைதான். தின்று முடித்த மூன்று கண் காய்களில் ஒரே அளவாக இரண்டை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். விட்டுவிடாமல் முயலவும், சொந்தமாக வழி தேடவும் ஏழெட்டு வயதுப் பிள்ளையைப் பழக்க அது போதும். காசு கொடுத்து வாங்கும் 'கிட்' எல்லாம் வேண்டாம்.

முதலில் சாமான். அச்சுக்கு ஒரு சிறு குச்சி, தள்ளுவதற்கு நுனியில் கவட்டை உள்ள நீளக் குச்சி. அரிவாள் வேலை மட்டும் பெரியவர்களுடையது. குச்சி முனைகளைச் சீவிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து, என்ன வேண்டும் என்று சொல்லுங்கள்: "ரெண்டு காயும் சக்கரம், கவட்டையில தள்ளுனா ஓடோணும் கண்ணு." செய்து காட்ட வேண்டாம்.

முதல் வண்டி பெரும்பாலும் நொண்டும். குச்சி மூன்று கண்ணுக்கும் நடுவில் இறங்காமல் ஒரு பக்கமாக ஏறியிருக்கும். பக்கத்தில் அப்பாரு (தாத்தா) இருந்தால் "குடு சாமி இங்க" என்று வாங்கி அரை நிமிஷத்தில் சரிசெய்துவிடுவார். அவருக்கு ஒரு காபி கொடுத்து உள்ளே உட்காரவையுங்கள். நீங்கள் கேள்வி மட்டும் கேளுங்கள். எந்தக் காய் குதிக்குது? மெதுவா உருட்டிப் பாத்தியா? அப்புறம், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். ஓட்டையையும் குச்சியையும் சேர்த்து மாற்றினால் எதனால் ஓடியது என்றே தெரியாது.

அழுகை வந்தால் நிறுத்திவிட்டுச் சாயங்காலம் தொடரலாம். இடையில் கோவை அருணாசலம் முருகானந்தத்தின் கதையைச் சொல்லுங்கள். மலிவு விலை நாப்கினை முதலில் பஞ்சில் செய்து பார்த்தார், சரிவரவில்லை. கடை நாப்கினில் இருப்பது மரக்கூழ் நார் என்று தெரியவே வருஷக்கணக்கானது. 2016இல் பத்மஸ்ரீ வாங்கியதைவிட, பஞ்சு ஏன் உதவவில்லை என்பதில்தான் பிள்ளைகளுக்கு ஆர்வம் அதிகம்.

வண்டி ஓடியதும் "கெட்டிக்காரி" என்று பொதுவாகச் சொல்லாமல், "ஓட்டையை நடுவுக்கு மாத்துனது நல்ல யோசனை" என்று செய்ததைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள்.

சில நாளில் காய் வற்றிச் சுருங்கும், குச்சி ஆடத் தொடங்கும். உடனே புதுக் காய் தேடிப் போகாதீர்கள். ஆப்பு வைக்கலாமா, துணி சுற்றலாமா என்று பிள்ளையே யோசிக்கட்டும். பனியன் துண்டுக்கு நம் ஊரில் என்ன பஞ்சம்?