மல்பெரி நுனி சுருண்டது வைரஸால் அல்ல

வேப்பனப்பள்ளிப் பக்கம், குப்பம் எல்லையை ஒட்டிய வீட்டுத் தோட்டத்தில் பழத்துக்காக வைத்த மல்பெரி நாலு செடி. நுனி இலைகள் சுருண்டு, கரும்பச்சையாகத் தடித்து, கணுக்கள் நெருங்கிக் கொத்தாக நின்றுவிட்டன. அடி இலைகளில் ஒரு குறையும் இல்லை. பார்த்தால் வைரஸ் நோய் போலத் தோன்றும்.

முதலில் நுண்ணூட்டக் கலவை தெளித்தேன். பிறகு சிலந்திப்பேன் என்று நினைத்து நனையும் கந்தகம், லிட்டருக்கு 2 கிராம். பத்து நாள் வீண்.

எறும்பு வரிசை ஒன்று தண்டில் ஏறி நுனிக்கொத்துக்குள் மறைவது பிறகுதான் கண்ணில் பட்டது. கொத்தைப் பிரித்தால் வெள்ளைப் பஞ்சுக்குள் இளஞ்சிவப்பு மாவுப்பூச்சி. நசுக்கினால் விரலில் சிவப்புக் கறை. பட்டுப்புழு வளர்ப்பவர்கள் ‘துக்ரா’ என்பது இந்தப் பூச்சியால் வரும் சுருட்டலைத்தான். சுருட்டலுக்குள் இருப்பதால் மேலே தெளித்தது எதுவும் படவில்லை.

நுனிகளை ஒரு சாண் கீழே வெட்டி, நேராக சோப்புத் தண்ணீர் வாளிக்குள் போட்டேன். குப்பைக்குழியில் போட்டால் பூச்சி திரும்ப ஏறிவிடும். மீதிச் செடிக்கு வேகமான தண்ணீர்ப் பீய்ச்சல், மறுநாள் லிட்டருக்கு 5 கிராம் சோப்புக் கரைசல், வாரம் ஒருமுறை மூன்று தடவை. அடித்தண்டில் துணி சுற்றி அதன்மேல் கிரீஸ். மாவுப்பூச்சிக்கு எறும்பு நிற்கும் காவல் போனால்தான், அதைத் தின்னும் பொறிவண்டு வேலை செய்யும்.

ஒரு எச்சரிக்கை: கிரிப்டோலேமஸ் என்ற வகைப் பொறிவண்டின் புழுவும் வெள்ளை மாவு பூசினாற்போல் இருக்கும். மாவுப்பூச்சியைவிடப் பெரிது, விறுவிறுவென ஓடும். அதை நசுக்கிவிடாதீர்கள்.

ஒரு மாதத்தில் தளிர் நேராக வந்தது, கூடவே பிஞ்சும்.