16 கிலோ எம்டிபியை 12½ கிலோவுக்கு இறக்குவது எப்படி: வாய்க்கால் கரைக்காரர்களுக்கு

மலையே இல்லாத ஊரில் மலைச் சைக்கிள் (எம்டிபி) எதற்கு என்று தஞ்சாவூரில் என்னைக் கேட்காத ஆள் இல்லை. கப்பி பெயர்ந்த வாய்க்கால் கரையில் டிராக்டர் தடத்துக்குள் சக்கரத்தை விட்டு ஒருநாள் ஓட்டிப் பார்த்தவர்கள் அப்புறம் கேட்பதில்லை.

ஆனால் எடை விஷயத்தில் அவர்கள் கேள்வியில் நியாயம் உண்டு. கல்லணையில் கிளம்பிப் பூம்புகார் போய்ச் சேர்ந்தாலும் நமக்கு ஏற்றம் என்பது பாலத்து ஏற்றம்தான். சமதரையில் ஒரே சீராக மிதிக்கும்போது இரண்டு கிலோ கூடினாலும் குறைந்தாலும் காலுக்குப் பெரிதாகத் தெரியாது, எதிர்க்காற்றுதான் தெரியும். எடை உறைப்பது இரண்டு இடத்தில். ஆடு, மாடு, வைக்கோல் வண்டி என்று நின்று நின்று கிளம்பும்போது. பிறகு, உடைந்த மதகைத் தாண்ட சைக்கிளைத் தோளில் தூக்கும்போது. இந்த இரண்டையும் மனதில் வைத்துத்தான் கீழே வரிசை போட்டிருக்கிறேன். மலைநாட்டுக்காரர்களின் வரிசை வேறாக இருக்கும்.

1. முதலில் எடை போடுங்கள்

மீன்காரர்கள் வைத்திருக்கும் டிஜிட்டல் தொங்கு தராசு போதும். சீட்டில் மாட்டித் தூக்கினால் எடை வந்துவிடும். கழற்றும் உதிரிகளை அடுக்களைத் தராசில் போடுங்கள். ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதுங்கள். என் 27.5 இஞ்சு சைக்கிள் 16.4 கிலோ காட்டியது. கடையில் சொன்ன எடையை விட அதிகம். அவர்கள் பெடல் இல்லாமல், ஸ்டாண்டு இல்லாமல் சொல்வார்கள்.

2. காசு இல்லாத வேலை: கழற்றுவது

ஸ்டாண்டு 350 கிராம். கேரியர் 750. ஸ்போக் ரிஃப்ளெக்டர்கள், பல்சக்கரத்தின் பிளாஸ்டிக் மூடி எல்லாம் சேர்த்து 150. ஒரு ஸ்பானரும் ஒரு ஆலன் கீயும் கொண்டு அரை மணி நேரத்தில் 1¼ கிலோ போய்விட்டது. இதற்கு மேல் எந்த விலையுயர்ந்த பாகமும் இவ்வளவு மலிவாக எடையைக் குறைக்காது.

மட்கார்டையும் பெல்லையும் தொடாதீர்கள். இருட்டியபின் ஓட்டுகிறவர் என்றால் பின்பக்கச் சிவப்பு ரிஃப்ளெக்டரும் இருக்கட்டும்.

3. டயர்

சக்கரத்தின் ஓரத்தில் இருக்கும் எடை நகரவும் வேண்டும், சுழலவும் வேண்டும். அதனால் கிளம்பும்போது அங்கே இருக்கும் 100 கிராம், ஃப்ரேமில் இருக்கும் சுமார் 200 கிராமுக்குச் சமம். நின்று கிளம்பும் நமக்கு இது முக்கியம்.

மலிவான டயரின் விளிம்பில் இரும்புக் கம்பி இருக்கும். மடக்கக்கூடிய டயரில் அதற்குப் பதில் கெவ்லர் போன்ற இழை. என் பழைய 2.1 இஞ்சு கம்பி டயர் ஒன்று 850 கிராம், மாற்றியது 620. இரண்டுக்கும் சேர்த்து 460 கிராம்.

அதைவிட மெலிதாகப் போகலாமே என்று நானும் ஆசைப்பட்டேன். முதலில் 480 கிராமில் ஒரு ரேஸ் டயர் வாங்கி, புது ஆற்றங்கரையில் ஓட்டினேன். கருவேல முள் ஒரே காலையில் மூன்று பஞ்சர் போட்டது. மூன்றாவது தடவை பஞ்சர் கடை அண்ணன், "தம்பி, டயரா இது, பலூனா?" என்றார். நம் கரைகளுக்கு 600 கிராமுக்குக் கீழே இறங்காதீர்கள்.

டயர் வாங்கும்போது அதன்மேல் இருக்கும் ரப்பர் பட்டன்களின் இடைவெளியையும் பாருங்கள். வழக்கப்படி ஜூன் 12 மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்தபின் கரையோரக் களிமண் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும். நெருக்கமான பட்டன் அதை விடாது. நாம் காசு கொடுத்துக் குறைத்த கிலோவைக் களி சும்மா திருப்பித் தந்துவிடும்.

டியூப்: சாதாரண ரப்பர் டியூப் ஒன்று 200 கிராம் சொச்சம். டிபியு என்ற மெல்லிய பிளாஸ்டிக் டியூப் அதில் பாதிகூட இருக்காது, ஆனால் அதற்கு ஒட்டு தனி. பஞ்சர் கடை ஒட்டு பிடிக்காது. ரிம் டியூப்லெஸ்ஸுக்கு ஏற்றதாக இருந்தால் ஓட்டையைத் தானே அடைக்கும் சீலண்ட் திரவம் ஊற்றுங்கள். எடையில் பெரிய லாபமில்லை, முள்ளுக்கு மருந்து. நான் பழைய டியூபையே விட்டுவைத்தேன்.

4. ஷாக் ஃபோர்க்

முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவைதான் ஃபோர்க். தோளில் தூக்கும்போது முன்பக்கம் சரிவது ஏன் என்றால் இதனால்தான். விலை குறைந்த சைக்கிள்களில் வரும் ஸ்பிரிங் ஃபோர்க் 2½ கிலோவுக்கு மேலும் இருக்கும். என்னுடையது 2.6. ஸ்பிரிங் இல்லாத அலுமினிய ரிஜிட் ஃபோர்க் 900 கிராம். ஒரே மாற்றத்தில் 1.7 கிலோ!

வாங்கும்முன் நான்கு அளவுகள் பாருங்கள். முதலில் நீளம்: முன்சக்கர அச்சிலிருந்து ஃபோர்க்கின் தோள்வரை அளந்து, 100 மி.மீ. அமுங்கும் ஷாக் என்றால் அதில் 20, 25 மி.மீ. கழியுங்கள். நாம் ஏறி உட்கார்ந்தால் ஷாக் அவ்வளவு அமுங்கும் என்பதால் இந்தக் கணக்கு. இதைவிடக் குட்டையாகப் போட்டால் ஹேண்டில் துள்ளும். இரண்டாவது, ஃபோர்க்கின் மேல்குழாய் நேரா, அடியில் பருத்ததா. மூன்றாவது, பிரேக் டிஸ்க்கா, ரிம்மைப் பிடிக்கும் வி-பிரேக்கா. நான்காவது, அச்சு வகை. மாட்டும் வேலையைக் கடையில் கொடுங்கள். கீழ் பேரிங் வளையத்தைப் பழையதிலிருந்து தட்டி எடுத்துப் புதியதில் இறக்க வேண்டும். குழாயை அறுப்பதற்குமுன் இரண்டுமுறை அளக்கச் சொல்லுங்கள்.

கை வலிக்காதா? கொஞ்சம் வலிக்கும். டயரில் காற்றை 30 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கினேன், பாதி சரியாயிற்று.

5. முன்பக்கக் கியர்

முன்னால் மூன்று பல்சக்கரம் நம் ஊரில் அலங்காரம். நடுவில் 32 பல், பின்னால் 14 பல், நிமிடத்துக்கு 80 மிதி என்றால் மணிக்கு 23, 24 கி.மீ. வரும். கரைக்கு இது தாராளம். கும்பகோணம் ரோட்டில் பறக்க வேண்டும் என்பவர்கள் 36 பல் போட்டால் 26 தாண்டும். மற்ற இரண்டு சக்கரம், செயினைச் சக்கரம் மாற்றித் தள்ளும் முன் டிரெயிலியர், அதன் லீவர், கேபிள் எல்லாம் போனதில் எனக்கு 400 கிராம் மிச்சம். சில கிராங்குகளில் (பெடல் மாட்டும் கைகளில்) பல்சக்கரங்களை ரிவெட் அடித்திருப்பார்கள். அவற்றைப் பிரிக்க முடியாது. ஒற்றைச் சக்கரம் போடும்போது பல் ஒன்று அகலம், ஒன்று குறுகலாக வருவதைக் கேளுங்கள். இல்லையென்றால் குழியில் செயின் கழன்றுவிடும்.

இத்தோடு 12.6 கிலோ. நான் இங்கேயே நிறுத்திவிட்டேன்.

6. வேண்டாதவை

சீட் கம்பி, ஹேண்டில்பார் இரும்பாக இருந்தால் மட்டும் அலுமினியத்துக்கு மாறுங்கள். சீட் கம்பியின் அளவு அதன்மேலேயே பொறித்திருக்கும். அதைப் பார்க்காமல் 30.9-க்குப் பதில் 27.2 வாங்கி வந்தேன்; கடைக்காரர் திரும்ப எடுக்கவில்லை, இன்னும் பரணில் கிடக்கிறது. பழைய கார்பன் ஹேண்டில் யாராவது சல்லிசாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். விரிசல் வெளியே தெரியாமல் திடீரென முறியும். பிரேக் டிஸ்க்கில் துளை போடுவது, அலுமினிய போல்ட்டு போடுவது போன்ற வீடியோ வித்தைகளும் வேண்டாம்.

7. ஓட்டிப் பார்ப்பது

முதலில் தெருவிலேயே, இரண்டு பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள். முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஹேண்டில் கழுத்தில் டக் டக் என்றால் பேரிங் தளர்வு. ஹேண்டிலைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மின் போல்ட்டுகளை அதில் அச்சிட்டிருக்கும் அளவுக்கே முறுக்குங்கள், பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர். 20 கி.மீ. ஓடியபின் எல்லாவற்றையும் மறுபடி ஒருதரம் இறுக்குங்கள். கழற்றிய ஸ்டாண்டையும் கேரியரையும் அதனதன் போல்ட்டோடு ஒரு பையில் கட்டி வையுங்கள். ரேஷன் அரிசி வாங்கப் போகச் சொல்லி வீட்டில் கேட்பார்கள்.