கறுத்த கொலுசுக்குப் பேஸ்ட் வேண்டாம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஆசையாக வாங்கிய வெள்ளிக் கொலுசு கறுத்துப்போனால் உடனே பேஸ்டும் பிரஷும் எடுத்துக்கொண்டு உட்காராதீர்கள். அந்தக் கறுப்பு அழுக்கே இல்லை, காற்றிலும் வியர்வையிலும் இருக்கும் கந்தகம் வெள்ளி அணுவோடு பிணைந்து உண்டான வெள்ளி சல்ஃபைடு, அதனால் தேய்க்கத் தேய்க்க வெள்ளியும் சேர்ந்துதான் போகும்.

ஒரு கிண்ணத்தில் அலுமினியத் தாளை (சப்பாத்தி சுற்றுவோமே, அதேதான்) விரித்து, கொலுசு அதைத் தொடும்படி வைத்து, ஒரு ஸ்பூன் சமையல் சோடா தூவி, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றுங்கள். அலுமினியம் எலக்ட்ரானைச் சுலபமாக விட்டுக்கொடுக்கும், அதை வாங்கிக்கொண்டு சல்ஃபைடில் சிக்கியிருந்த வெள்ளி மறுபடி வெறும் வெள்ளியாகிவிடும். லேசாக அழுகிய முட்டை வாடை வரும், கந்தகம் கிளம்புகிறது, அவ்வளவுதான். சில நிமிடம் போதும். கல்லோ எனாமலோ வைத்ததற்கு இது வேண்டாம்.

அப்புறம், சுத்த வெள்ளியில்தான் வேண்டும் என்று கடையில் அடம்பிடிக்காதீர்கள். அதில் அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும், கொக்கி சீக்கிரம் வளைந்துவிடும். 92.5 சதவீத வெள்ளியில் கலந்திருக்கும் செம்பு அணு சற்றுச் சிறியது, அந்த வழுக்கலுக்கு அதுதான் முட்டுக்கட்டை.